ட்யூப் போடுவது கஷ்டமாகும்போது: வீடியோ லாரிங்கோஸ்கோப்பா, பழைய லாரிங்கோஸ்கோப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனஸ்தீசியா முதுகலை மாணவர்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள், அறுவை அரங்கு (ஓ.டி.) டெக்னீஷியன்கள், சில சமயம் நோயாளியின் வீட்டார் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. மயக்கம் கொடுத்தவருக்கோ மூச்சு திணறுபவருக்கோ மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் செலுத்துவதைத்தான் 'ட்யூப் போடுவது' என்கிறோம். அப்போது நாக்கை விலக்கிக் குரல் நாண்களைப் பார்க்க உதவும், கைப்பிடியும் பிளேடும் உள்ள கருவிதான் லாரிங்கோஸ்கோப். ஒரு மயக்கவியல் மருத்துவராக என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், முதல் முயற்சியிலேயே அதை எடுங்கள். ஆனால் அது எதைச் சுலபமாக்குகிறது, எதை அப்படியே விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

பழைய லாரிங்கோஸ்கோப்பில் உங்கள் கண்ணிலிருந்து நோயாளியின் குரல் நாண்கள் வரை ஒரு நேர்க்கோடு கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் தலையைச் சற்றுப் பின்னால் சாய்க்கிறோம், நாக்கை இடப்பக்கம் ஒதுக்குகிறோம், தாடையை மேலே தூக்குகிறோம். நாம் இன்றும் பயன்படுத்தும் வளைந்த பிளேடை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ராபர்ட் மெக்கின்டோஷ் 1943-ல் வெளியிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு ராபர்ட் மில்லரின் நேரான பிளேடு வந்திருந்தது. அதன்பிறகு ஏறக்குறைய அறுபது வருடம் இந்த வேலையில் பெரிய மாற்றம் இல்லை.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் கேமரா பிளேடின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண் வாய்க்கு வெளியே இருந்தாலும் பார்வை நாக்கின் வளைவைத் தாண்டிப் போய்விடுகிறது. நேர்க்கோடு தேவையில்லை. ஜான் பேஸி என்ற கனடா நாட்டு அறுவை மருத்துவர் உருவாக்கிய கிளைட்ஸ்கோப் 2001-ல் வந்தது. அதற்குப் பிறகு சி-மேக், மெக்ராத், கிங் விஷன் என்று வரிசையாக வந்தன.

'கஷ்டமான ஏர்வே' (மூச்சுவழி) என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே ஒரு கஷ்டம் என்று நினைத்தால் திட்டம் தப்பாகப் போகும். மாஸ்க் வைத்துக் காற்று கொடுப்பது கஷ்டமாக இருக்கலாம். எல்.எம்.ஏ. (குரல்வளைக்கு மேல் உட்காரும் மாஸ்க்) போன்ற கருவி சரியாக உட்காராமல் போகலாம். குரல் நாண்கள் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் ட்யூப் உள்ளே போகாமல் இருக்கலாம். கடைசிக் கட்டத்தில் கழுத்தில் வெட்டி வழி செய்வதும் கஷ்டமாக இருக்கலாம். இவற்றில் மூன்றாவதுக்குத்தான் வீடியோ கருவி நேரடியான மருந்து.

நாண்கள் எவ்வளவு தெரிகின்றன என்பதை 1984-ல் கார்மாக், லெஹேன் இருவரும் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். நாண்கள் முழுதாகத் தெரிந்தால் 1, பின்பகுதி மட்டும் தெரிந்தால் 2, எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) மட்டும் தெரிந்தால் 3, அதுவும் தெரியாவிட்டால் 4. நேர்ப்பார்வையில் (பழைய லாரிங்கோஸ்கோப்பில்) 3 ஆக இருந்த நோயாளி வீடியோவில் 1 அல்லது 2 ஆக மாறுவது அன்றாடம் பார்ப்பதுதான்.

முன்கூட்டியே பரிசோதித்துக் கஷ்டமானவர்களுக்கு மட்டும் வீடியோ எடுத்தால் போதாதா?

போதாது. காரணம், நம்முடைய முன்கணிப்பு அவ்வளவு நம்பகமானது இல்லை. மல்லம்பட்டி வகைப்பாடு (வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்பது), வாய் திறக்கும் அளவு, தாடைக்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் இடையிலான தூரம், கழுத்தின் அசைவு, எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் டென்மார்க்கில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், ட்யூப் போடக் கஷ்டமாக இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அந்தக் கஷ்டம் முன்பே கணிக்கப்படவில்லை. 'கஷ்டமான கேஸுக்கு எடுத்து வைத்திருக்கிறோம்' என்று அலமாரியில் பூட்டிய கருவி, தேவைப்படும் நிமிடத்தில் அலமாரியிலேயே இருக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2022-ல் வந்த காக்ரேன் மறுஆய்வு 222 ஆய்வுகளைத் தொகுத்தது, மொத்தம் 26,149 பேர். மெக்கின்டோஷ் வடிவ வீடியோ பிளேடு, அதிக வளைவுள்ள பிளேடு, ட்யூப் செல்லப் பள்ளம் உள்ள பிளேடு ஆகிய மூன்று வகையிலுமே ட்யூப் போட முடியாமல் போவது நேர்ப்பார்வையைவிடக் குறைவு, ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் கீழே.

அடுத்தது, 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த டிவைஸ் ஆய்வு. அமெரிக்காவில் 17 அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஐசியுக்களிலும் 1,417 பேர். முதல் முயற்சியிலேயே வெற்றி வீடியோவில் 85.1 சதவீதம், நேர்ப்பார்வையில் 70.8 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். ட்யூப் போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருந்த மருத்துவர்கள். அனுபவம் குறைந்தவர்களுக்கே கருவி அதிகம் கைகொடுத்தது.

அப்படியென்றால் அனுபவசாலிகளுக்குத் தேவையில்லையா என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் 2024-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. கிளீவ்லாண்ட் கிளினிக்கில் இதயம், நெஞ்சு, ரத்தக்குழாய் அறுவைகள் 8,429. அதிக வளைவுள்ள வீடியோ பிளேடில் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது 1.7 சதவீதம், நேர்ப்பார்வையில் 7.6. அது முறையாக மயக்கவியல் குழு இயங்கும், நிதானமான அறுவை அரங்கு. அங்கேயும் இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் பிரான்ஸ் ஆய்வு எதிர்மாறாகச் சொன்னதே?

2017-ல் ஜாமாவில் வந்த மேக்மேன் ஆய்வைக் கேட்கிறீர்கள். பிரான்ஸில் ஏழு ஐசியுக்கள், 371 நோயாளிகள். முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 67.7 சதவீதம், பழைய முறையில் 70.3, வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் வீடியோ பக்கம் 9.5 சதவீதம், மறுபக்கம் 2.8. இந்த எண்ணை யாரும் மழுப்பிவிட்டுப் போகக் கூடாது.

அந்த ஆய்வில் வீடியோவில் நாண்கள் நன்றாகவே தெரிந்தன. தோல்விக்குப் பெரிய காரணம், தெரிந்த இடத்துக்கு ட்யூபைக் கொண்டுபோக முடியாததுதான். திரையில் அழகான படம் இருக்கும்போது, 'இதோ போய்விடும், இன்னும் ஒரு நொடி' என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குள் நோயாளியின் ஆக்ஸிஜன் இறங்கிவிடும். பின்னால் வந்த பெரிய டிவைஸ் ஆய்வில் கடுமையான சிக்கல்கள் இருபக்கமும் சமம் (21.4, 20.9 சதவீதம்). ஆகவே கருவி ஆபத்தானது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஆனால் ஐசியு நோயாளிக்கு ரத்த அழுத்தத்தையும் ஆக்ஸிஜனையும் கேமரா சரிசெய்துவிடாது என்பதை இரண்டு ஆய்வுகளும் ஒரே குரலில் சொல்கின்றன.

திரையில் நாண்கள் பளிச்சென்று தெரிகின்றன, ட்யூப் மட்டும் போகவில்லை. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். மலைப்பாதை வளைவில் வைத்திருக்கும் குவிகண்ணாடி எதிரே வரும் பேருந்தைக் காட்டும். வண்டியை வளைத்துத் திருப்புவது ஓட்டுநரின் வேலை. பார்வை வளைந்துவிட்டது, ட்யூப் இன்னும் வளையவில்லை.

பொதுவாகச் செய்யும் தவறு, நாண்களுக்கு மிகவும் நெருங்கிப் போவது. படம் பெரிதாகத் தெரிந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் நெருங்க நெருங்க ட்யூப் திரும்புவதற்கு இடம் குறைகிறது. குரல்வளையும் மேலே தூக்கப்பட்டு, ட்யூப் ஏறவேண்டிய கோணம் இன்னும் செங்குத்தாகிறது. பிளேடைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். நாண்கள் திரையின் மேல்பாதியில், பாதி அளவு தெரிந்தால் போதும். படம் சுமாராகும், வேலை சுலபமாகும். இதைச் சொன்னால் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை, செய்து பார்த்த பிறகு விடுவதுமில்லை.

அடுத்து, அதிக வளைவுள்ள பிளேடை வாயின் நடுவில் செலுத்த வேண்டும். வலப்பக்கம் நுழைத்து நாக்கை ஒதுக்கும் பழைய பழக்கம் இங்கே வேண்டாம். ட்யூபுக்குள் பிளேடின் வளைவுக்கு ஏற்ற ஸ்டைலெட் (ட்யூபை வளைத்துப் பிடிக்கும் விறைப்பான கம்பி) கட்டாயம் வேண்டும். ட்யூப் நுனி நாண்களைத் தாண்டியதும் அப்படியே தள்ளாதீர்கள், அது மூச்சுக்குழாயின் முன்சுவரில் போய் முட்டும். ஸ்டைலெட்டைச் சில சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அப்புறம் ட்யூபைத் தள்ளுங்கள். அப்போதும் முட்டினால் ட்யூபைக் கடிகார முள் திசையில் கால் சுற்று திருப்புங்கள், பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளேடை வாயில் நுழைக்கும்போது வாயைப் பாருங்கள், பிறகு திரையைப் பாருங்கள். ட்யூபை நுழைக்கும்போது மறுபடி வாயைப் பாருங்கள், நுனி திரையில் வரும் தருணத்தில்தான் திரைக்குப் போங்கள். கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு விறைப்பான ஸ்டைலெட் உள்ள ட்யூபைக் கண்மூடித்தனமாகத் தள்ளினால் மெல்லண்ணமும் டான்சில் பக்கமும் கிழியும். இந்தக் காயங்கள் பல நாடுகளிலிருந்து பதிவாகியிருக்கின்றன, முழுக்கத் தவிர்க்கக்கூடியவை.

எந்த பிளேடை எடுப்பது?

வழக்கமான நோயாளிக்கு மெக்கின்டோஷ் வடிவ வீடியோ பிளேடு. பழகிய கைப்பழக்கமே போதும், கேமரா கைவிட்டால் நேராகவும் பார்க்கலாம், பூஜியும் (ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய, வளையும் தடி) சுலபமாகப் போகும். குரல்வளை மிகவும் முன்னால் தள்ளி இருக்கிறது, தாடை சிறியது, கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாது என்றால் அதிக வளைவுள்ள பிளேடு. இதில் பூஜி அந்த வளைவுக்குத் திரும்பாது, ஸ்டைலெட்தான்.

கேஸ் நடுவில் முதல் முறையாக ஒரு பிளேடைத் தொடாதீர்கள். சுலபமான நோயாளிகளிடம் கை பழகியிருக்க வேண்டும்.

வாயில் ரத்தமும் வாந்தியும் நிறைந்திருந்தால்?

கேமராவின் கண் மூடிக்கொள்ளும், உண்மைதான். அதனால் வீடியோவே வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. பெரிய துளையுள்ள சக்ஷன் குழாயை முன்னே விட்டு, வழியைச் சுத்தம் செய்துகொண்டே பிளேடைப் பின்னால் கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் இன்னொரு சக்ஷன் குழாயை வாயின் இடப்பக்கம் நிறுத்தி வையுங்கள். இங்கே மெக்கின்டோஷ் வடிவ பிளேடைத்தான் சொல்வேன், திரை மறைந்த நொடியில் குனிந்து நேராகப் பார்த்து வேலையைத் தொடரலாம். லென்ஸில் ஆவி படிவது வேறு விஷயம். கருவியை ஒரு நிமிடம் முன்னதாகவே ஆன் செய்து வைத்தால் பல கருவிகளில் அது வராது.

வாயே திறக்காத நோயாளிக்கு?

நம் ஊரில் இதை அடிக்கடி சந்திக்கிறோம். பாக்கு, குட்கா போட்டுப் போட்டு வாயின் உட்புறம் நாராக இறுகிப்போனவர்கள், வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்தவர்கள். இரண்டு விரல் கூட நுழையாத வாய்க்குள் எந்த வீடியோ பிளேடும் ட்யூபும் சேர்ந்து நுழையாது. இவர்களுக்கு விழித்த நிலையில், லிக்னோகெய்ன் மருந்தால் மரத்துப்போகச் செய்து, மூக்கு வழியாக, வளைந்து கொடுக்கும் மெல்லிய ஃபைபர்ஆப்டிக் கருவியில் ட்யூப் போடுவதே பாதுகாப்பு. தீக்காயத் தழும்பால் தாடை நெஞ்சோடு ஒட்டியவர்களுக்கும் அனேகமாக இதே வழிதான்.

வாய் ஓரளவு திறக்கிறது, ஆனால் மயக்கம் கொடுத்தால் மூச்சுவழி அடைபடுமோ என்ற பயம் இருக்கிறது என்றால், விழித்த நிலையிலேயே வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் பயன்படுத்தலாம். தொண்டை நன்றாக மரத்திருந்தால் நோயாளி பொறுத்துக்கொள்வார். ஃபைபர்ஆப்டிக்கோடு ஒப்பிடும் அளவுக்கு வெற்றி கிடைக்கிறது, நேரமும் குறைவு.

எத்தனை முறை முயலலாம்?

பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015 வழிகாட்டி மூன்று முறை என்கிறது. நான்காவது, கூடுதல் அனுபவமுள்ள ஒருவர் வந்தால் மட்டும். நான் இதை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். ஒவ்வொரு முயற்சிக்கும் ஏதாவது மாறியிருக்க வேண்டும்: தலையின் நிலை, பிளேடு, ஸ்டைலெட், அல்லது ஆள். எதையும் மாற்றாமல் மறுபடி முயல்வது வீக்கத்தையும் ரத்தக்கசிவையும்தான் கூட்டும்.

2005-ல் இங்கிலாந்தில் சைனஸ் அறுவைக்கு வந்த ஓர் இளம் தாய்க்கு மாஸ்க்கிலும் காற்று போகவில்லை, ட்யூபும் போகவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் லாரிங்கோஸ்கோப்பிலேயே மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தார்கள். கழுத்து வழி திறக்கும் உபகரணம் தயார் என்று செவிலியர் சொல்லியும் அது காதில் விழவில்லை. அந்தத் தாய் பிழைக்கவில்லை. விமானியான அவருடைய கணவர் அந்த நிகழ்வை உலகம் முழுக்க மருத்துவர்களுக்குப் பாடமாக எடுத்துச் சென்றார். அந்த அறையில் இன்னும் நல்ல கேமரா இருந்திருந்தால் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 'நிறுத்துவோம், அடுத்த வழிக்குப் போவோம்' என்று ஒருவர் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது. உங்கள் ஓ.டி.யில் அதைச் சொல்லும் உரிமையை டெக்னீஷியனுக்கும் செவிலியருக்கும் கொடுத்து வையுங்கள். கழுத்து வழி திறக்க ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி), பூஜி, 6 நம்பர் ட்யூப் மூன்றும் ஒரே தட்டில் இருக்கட்டும்.

ட்யூப் நாண்களுக்குள் போனதைத் திரையிலேயே பார்த்துவிட்டேன். கேப்னோகிராபியும் (வெளிமூச்சிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை அளந்து அலையாகக் காட்டும் கருவி) வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஸ்டைலெட்டை உருவும்போதும் ட்யூபைக் கட்டும்போதும் அது வெளியே வந்துவிடலாம். கார்பன் டை ஆக்ஸைடு அலை தொடர்ந்து வரவில்லை என்றால், வேறுவிதமாக உறுதியாகும் வரை ட்யூப் உணவுக்குழாயில் இருப்பதாகவே நடந்துகொள்ளுங்கள். மூச்சுவழிச் சிக்கல்களைத் தணிக்கை செய்து 2011-ல் வந்த பிரிட்டனின் நேப்-4 அறிக்கை, ஐசியுவில் மூச்சுவழிச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளில் 70 சதவீதத்துக்கும் மேல் கேப்னோகிராபி இல்லாதது அல்லது அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றது. திரையால் இன்னொரு நன்மை உண்டு: பக்கத்தில் நிற்பவரும் ட்யூப் எங்கே போகிறது என்று பார்க்கிறார், தப்பான இடம் என்றால் உடனே சொல்லலாம்.

கழுத்தெலும்பு அடிபட்டவருக்கு?

வீடியோதான் என் முதல் தேர்வு. கழுத்தை அதிகம் அசைக்காமலே நாண்களைப் பார்த்துவிடலாம். கழுத்துக் காலரின் முன்பகுதியைக் கழற்றிவிட்டு, ஒருவர் கையால் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பச்சிளங்குழந்தைகளுக்கும் பொருந்துமா?

பொருந்தும். டப்ளினில் நடந்து 2024-ல் வெளிவந்த ஆய்வில் 214 குழந்தைகள். முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 74 சதவீதம், நேர்ப்பார்வையில் 45. அவ்வளவு சின்ன வாய்க்குள் பயிற்றுவிப்பவர் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிவதே பெரிய விஷயம்.

அப்படியானால் மாணவர்கள் பழைய முறையைக் கற்கத் தேவையில்லையா?

கற்க வேண்டும். பேட்டரி தீரும், கேபிள் அறுந்துபோகும், இரவு இரண்டு மணிக்கு வார்டில் கிடைப்பது பழைய கைப்பிடியும் மூன்றாம் நம்பர் பிளேடும் மட்டுமாக இருக்கும். மெக்கின்டோஷ் வடிவ வீடியோ கருவியிலேயே இரண்டையும் கற்றுத் தரலாம். மாணவர் வாயை நேராகப் பார்த்து வேலை செய்யட்டும், திரையை ஆசிரியர் மட்டும் பார்க்கட்டும். ஆசிரியர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து 'தெரியுதா, தெரியுதா' என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் போய்விட்டது, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சின்ன நர்சிங் ஹோமுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகுமா?

முன்பு கருவி என்றால் இறக்குமதிதான், விலை எட்டாது. இப்போது இந்தியத் தயாரிப்புகளும் குறைந்த விலைக் கருவிகளும் இருக்கின்றன. வாங்கும்போது கருவியின் விலையோடு நிற்காமல் பிளேடு ஒவ்வொன்றும் எவ்வளவு, திரும்பப் பயன்படுத்தலாமா, கிருமிநீக்கம் எப்படி, பழுதானால் யார் வருவார்கள் என்று கேளுங்கள். ஒருமுறை பயன்பாட்டுக்கு என்று எழுதியிருக்கும் பிளேடைக் கழுவி மறுபடி எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் வரிசையில் கேப்னோகிராபி முதலில், வீடியோ லாரிங்கோஸ்கோப் அதற்கு அடுத்து. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் யோசிக்காமல் கேப்னோகிராபி வாங்குங்கள்.

முந்தைய ஆபரேஷனில் 'உங்களுக்கு ட்யூப் போடக் கஷ்டமாக இருந்தது' என்றார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

அப்படிச் சொன்ன மருத்துவருக்கு நன்றி சொல்லுங்கள், சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாஸ்க்கில் காற்று கொடுக்க முடிந்ததா, எந்த பிளேடில் என்ன தெரிந்தது, கடைசியில் எந்தக் கருவியில் ட்யூப் போனது, எத்தனை முயற்சி ஆனது, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த முறை பல் பிடுங்குவதாக இருந்தாலும், மயக்கம் கொடுப்பார்கள் என்றால் அந்தக் காகிதத்தை மயக்கவியல் மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் அதைப் படித்துவிட்டு விழித்த நிலையில் ட்யூப் போடலாம் என்று சொன்னால் பயப்பட வேண்டாம். ஏன் என்று கேளுங்கள், நேரம் எடுத்து விளக்கச் சொல்லுங்கள்.